காபியில் லைட், மீடியம், டார்க் மூன்று வறுவலையும் அடுத்தடுத்துக் குடித்துப் பார்த்தேன். லைட் ஏன் இப்படிப் புளிக்கிறது?

மூன்றுகோப்பை எழுதியது:

வணக்கம். பதினைந்து வருடமாகக் காபி என்றால் எனக்கு டார்க் ரோஸ்ட்தான், அதாவது நன்றாகக் கறுக்க வறுத்தது. பால், சர்க்கரை இல்லாமல் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. போன மாதம் நண்பர் ஒருவர் லைட் ரோஸ்ட், இளசாக வறுத்த கொட்டை கொஞ்சம் கொடுத்தார். பொட்டலத்தைப் பிரித்ததும் வந்த வாசனையில் அப்படியே நின்றுவிட்டேன். ஆரஞ்சுத் தோலை நகத்தால் கீறினால் வருமே, அந்த வாசனை. காபியிலிருந்து இப்படி ஒன்று வரும் என்று இத்தனை வருடம் எனக்குத் தெரியாது. ஆனால் போட்டுக் குடித்தபோது கோப்பையில் அது இல்லை. வெறும் புளிப்பு.

சரி, ஒழுங்காக ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம் என்று மூன்று பாக்கெட் வாங்கினேன். லைட் எத்தியோப்பியா, மீடியம் பிரேசில், டார்க் ஏதோ கலவை, எந்த ஊர்க் கொட்டை என்று போடவில்லை. லைட் வறுத்து 9 நாள் ஆகியிருந்தது, மீடியம் 3 வாரம். டார்க் பாக்கெட்டில் வறுத்த தேதியே இல்லை.

மூன்றுக்கும் ஒரே அளவு: 15 கிராம் தூள், 250 மில்லி தண்ணீர். கொதித்து இறக்கி அரை நிமிடம் விட்டு ஊற்றினேன். பிரெஞ்சு பிரஸ் (தூளை ஊறவைத்து வலைத் தட்டால் கீழே அழுத்தும் குடுவை), 4 நிமிடம். அரைத்தது கைக் கிரைண்டரில், ஒரே அளவுக் குறியில் வைத்து. அரைக்கும்போதே ஒன்று கவனித்தேன். டார்க் கொட்டை நொறுநொறுவென்று அரைந்துவிட்டது. லைட் கொட்டைக்குக் கைப்பிடி இரண்டு தடவை சிக்கிக்கொண்டது, கல்லை அரைப்பது போல. முழங்கையை மேஜையில் ஊன்றித்தான் சுற்ற வேண்டியிருந்தது.

பழக்கமானதிலிருந்து தொடங்கலாம் என்று டார்க்கை முதலில் குடித்தேன். எனக்குத் தெரிந்த சுவைதான். ஆனால் பக்கத்தில் வேறு இரண்டு இருந்ததாலோ என்னவோ, அடியில் ஒரு சாம்பல் வாசனை இருப்பது முதல் தடவையாகத் தெரிந்தது. அடுத்து மீடியம். மென்மையாக, வறுத்த பருப்பு வாசனையோடு, குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. கடைசியில் லைட். கன்னம் இரண்டும் உள்ளே இழுத்தது. புளிப்பு, கொஞ்சம் உப்புக் கரிப்பு, வைக்கோல் ஊறிய தண்ணீர் மாதிரி ஒரு வெறுமை. அந்த ஆரஞ்சுத் தோல் வாசனை எங்கே போனது?

லைட் ரோஸ்ட்டின் குணமே இந்தப் புளிப்புதானா? இல்லை, நான் போடும் விதத்தில் தவறா? அந்த வாசனையைக் கோப்பையில் ஒரு தடவையாவது குடித்துப் பார்த்துவிட வேண்டும். அப்புறம், லைட்டில் காஃபீன் அதிகம் என்கிறார்களே, உண்மையா?

---

பச்சைக்கொட்டை எழுதியது:

விவரமாக எழுதியதற்கு நன்றி. உங்கள் கேள்விக்கான பாதி விடை நீங்கள் எழுதிய அந்தக் கிரைண்டர் விவரத்திலேயே இருக்கிறது.

நான் வீட்டில் சின்ன டிரம்மில் வறுக்கிறேன், ஒன்பது வருடமாக. ஒரே சாக்கிலிருந்து 100 கிராம் வீதம் மூன்று பங்கு எடுத்து மூன்று விதமாக வறுப்பது என் வழக்கம். போன தடவை இறக்கிய பிறகு எடை போட்டதில் லைட் 88 கிராம், மீடியம் 85, டார்க் 81. பச்சைக் கொட்டையில் 10 முதல் 12 சதவீதம் ஈரம். அது முதலில் போகும், அப்புறம் கொட்டையின் சத்தே எரிந்து வாயுவாகப் போகும். எடை குறையும்போதே கொட்டை உப்பிப் பெரிதாகிறது. அதனால் டார்க் கொட்டை உள்ளே துளை துளையாக, ரஸ்க் மாதிரி நொறுங்கும். லைட் கொட்டை இறுகிக் கிடக்கும். உங்கள் முழங்கைக்குத் தெரிந்தது அந்த இறுக்கம்தான்.

இறுகின கொட்டைக்குள் தண்ணீர் புகுந்து சாரத்தை எடுத்துக்கொண்டு வெளியே வர நேரமாகும். ஒரே குறியில் அரைத்து, ஒரே சூட்டில், அதே 4 நிமிடம் விட்டால் டார்க்கிலிருந்து எல்லாம் இறங்கியிருக்கும், லைட்டிலிருந்து பாதிதான் இறங்கியிருக்கும். காபியிலிருந்து முதலில் கரைந்து வருவது புளிப்பும் உப்பும். இனிப்பும் கனமும் பின்னால் வரும். நீங்கள் குடித்தது முன்பாதியை மட்டும்.

பழுத்த புளிப்பையும் அரைகுறைப் புளிப்பையும் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள், மிச்சமெல்லாம் தானாகவே பிடிபடும். பழுத்த புளிப்பு நாக்கின் ஓரத்தில் சுரீரென்று வந்து, எச்சில் ஊற வைத்து, போகும்போது ஓர் இனிப்பை விட்டுவிட்டுப் போகும். அரைகுறைப் புளிப்பு கன்னத்தைப் பிடித்து இழுக்கும், கூடவே உப்புக் கரிக்கும், விழுங்கியதும் சட்டென்று ஒன்றுமில்லாமல் முடிந்துவிடும். நீங்கள் எழுதிய ‘வெறுமை’ என்ற சொல் மிகச் சரி. லைட் ரோஸ்ட்டுக்குப் புளிப்பு உண்டு, அதில் சந்தேகம் வேண்டாம். வெறுமை அதன் குணம் இல்லை.

அடுத்தது, நீங்கள் ஒப்பிட்டது மூன்று வறுவலை அல்ல, மூன்று வேறு காபிகளை. பிரேசில் கொட்டையை லைட்டாக வறுத்தாலும் பெரும்பாலும் பருப்பு வாசனைப் பக்கம்தான் நிற்கும். எத்தியோப்பியாவை மீடியத்துக்குக் கொண்டுபோனாலும் பூ வாசனை கொஞ்சம் மிஞ்சும். எது மண்ணால் வந்தது, எது தீயால் வந்தது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? ஒரே கொட்டையை இரண்டு மூன்று பதத்தில் வறுத்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள், அதைக் கேட்டு வாங்குங்கள். பாக்கெட்டில் போட்டிருக்கும் ‘மீடியம்’ என்ற சொல்லையும் முழுதாக நம்ப வேண்டாம். ஒரு கடையின் மீடியம் இன்னொரு கடையின் டார்க். நிறத்தை அளக்க ஆக்ட்ரான் என்று ஓர் எண் உண்டு, 95 என்றால் மிக இளசு, 25 என்றால் நன்றாகக் கறுத்தது. யாராவது அந்த எண்ணைப் போட்டிருந்தால் அதைப் பாருங்கள்.

டிரம் பக்கத்தில் நின்று பார்த்தால் இந்த மூன்று பெயரும் எங்கே பிரிகின்றன என்று காதுக்கே தெரியும். 150 டிகிரி வாக்கில் பச்சை போய் மஞ்சளாகும், வைக்கோல் வாசனை மெல்ல ரொட்டி வாசனையாக மாறும். 200 டிகிரியை ஒட்டி முதல் வெடிப்பு. உள்ளே அடைபட்ட நீராவி கொட்டையைப் பிளந்துகொண்டு வரும்போது காய்ந்த சுள்ளியை ஒடிப்பது மாதிரி சத்தம், ஒன்று, இரண்டு, பிறகு சரசரவென்று. அது அடங்கும் தறுவாயில் இறக்கினால் லைட். அடங்கின பிறகு கொஞ்ச நேரம் அமைதியாக இருக்கும், மீடியம் அந்த அமைதிக்குள் இருக்கிறது. 225 டிகிரியை நெருங்கும்போது இரண்டாவது வெடிப்பு. அது வேறு சத்தம், தணலில் உப்பைத் தூவின மாதிரி பொடிப்பொடியாக, வேகமாக. அதைத் தொட்டுவிட்டால் டார்க். கொட்டையின் மேல் எண்ணெய் பளபளக்கத் தொடங்கும்.

இதற்குள் நடக்கிற மாற்றம்தான் நாக்குக்குத் தெரிவது. சிட்ரிக், மாலிக் அமிலங்கள் வறுக்க வறுக்கக் குறையும், அதனால் டார்க்கில் பழப்புளிப்பு இருக்காது. ‘லைட்டில் சர்க்கரை எரியாமல் இருப்பதால் இனிக்கிறது’ என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அராபிகா என்ற காபி இனத்தின் பச்சைக் கொட்டையில் 6 முதல் 9 சதவீதம் சர்க்கரை உண்டு, லைட் பதத்துக்குள்ளேயே அதில் பெரும்பகுதி சிதைந்துவிடும். நமக்கு இனிப்பாகப் படுவதில் பெரும்பங்கு வாசனை.

கசப்பு விஷயம் இன்னும் சுவையானது. கொட்டையில் இருக்கும் குளோரோஜெனிக் அமிலம் சூட்டில் உடைந்து முதலில் லாக்டோன்களாக மாறுகிறது. அது மிதமான, சகித்துக்கொள்ளக்கூடிய கசப்பு. இன்னும் வறுத்தால் அந்த லாக்டோன்கள் ஃபீனைல்இண்டேன்களாக மாறும். தொண்டையில் ஒட்டிக்கொண்டு காறுமே, அந்தக் கசப்பு. ஜெர்மனியின் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் ஹாஃப்மன் 2007இல் வெளியிட்ட ஆய்வு இது. அதனால்தான் டார்க்கை முதலில் குடிக்காதீர்கள் என்கிறேன். அந்தக் காறல் நாக்கில் உட்கார்ந்துவிட்டால் பின்னால் வரும் லைட்டில் புளிப்பைத் தவிர வேறொன்றும் தெரியாது.

ஒப்பிட பிரெஞ்சு பிரஸ்ஸை விட்டுவிட்டு கப்பிங் செய்யுங்கள், தூளைக் கோப்பையிலேயே ஊறவைத்துக் கரண்டியால் சுவைத்துப் பார்க்கும் முறை அது. ஸ்பெஷாலிட்டி காஃபி அசோசியேஷன் சொல்லும் அளவு 150 மில்லிக்கு 8.25 கிராம், வீட்டுக் கோப்பைக்கு 200 மில்லிக்கு 11 கிராம். ஊற்றுவதற்கு முன் காய்ந்த தூளை முகருங்கள். 93 டிகிரித் தண்ணீரை நேராகத் தூளின் மேல் ஊற்றி 4 நிமிடம் தொடாமல் விடுங்கள். மேலே ஓர் ஆடை கட்டியிருக்கும். மூக்கைக் கோப்பைக்கு மேல் வைத்துக்கொண்டு கரண்டியின் முதுகால் அந்த ஆடையை மூன்று தடவை தள்ளிவிடுங்கள். அந்தக் கணத்தில் வரும் ஆவியைத் தவறவிடாதீர்கள், நீங்கள் தேடும் ஆரஞ்சுத் தோல் முதலில் அங்கேதான் தட்டுப்படும். நுரையை வழித்தெடுத்துவிட்டுக் காத்திருங்கள். எட்டுப் பத்து நிமிடத்துக்கு முன் குடிக்க வேண்டாம். சூட்டில் எல்லாக் காபியும் ஒன்றுதான். கரண்டியில் எடுத்துச் சத்தமாக உறிஞ்சுங்கள், வெட்கப்பட வேண்டாம், அந்தத் தூவானம் அண்ணத்தில் பட்டு மூக்குக்கு ஏறினால்தான் வாசனை தெரியும். லைட், மீடியம், டார்க் என்ற வரிசை. ஒரு சுற்று முடிந்ததும் வெந்நீரால் வாயைக் கொப்பளித்துவிட்டு, ஐந்து நிமிடம் கழித்து மறுபடி. ஆறும் வரை.

காஃபீன் பற்றிச் சுருக்கமாக: வறுப்பதில் காஃபீன் பெரிதாகப் போவதில்லை. எடை போட்டு எடுத்தால் டார்க்கில் ஒரு மயிரிழை கூடுதல், ஏனென்றால் மற்றவை எரிந்து எடை குறைந்திருக்கிறது. கரண்டியால் அளந்தால் லைட்டில் கூடுதல், ஏனென்றால் கொட்டை கனம். அவ்வளவுதான். அராபிகாவா, ரோபஸ்டா என்ற இன்னொரு இனமா என்பது இதைவிடப் பெரிய வித்தியாசம், ரோபஸ்டாவில் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

---

ஓரத்துமேசை எழுதியது:

பச்சைக்கொட்டை சொன்னதில் பெரும்பாலும் ஒத்துப்போகிறேன், ஒன்றைத் தவிர. மூன்றுக்கும் ஒரே தண்ணீர்ச் சூடு, ஒரே அரைப்பு என்பது பார்க்க நியாயமாகத் தோன்றும். ஆனால் அது லைட்டுக்குச் செய்யும் அநியாயம் என்பது என் எண்ணம். நடுத்தர வறுவலுக்கு ஒத்துவரும் அளவை எல்லோருக்கும் போட்டுவிட்டு, லைட் சரியில்லை என்று சொல்வது சரியா?

நான் லைட்டுக்குக் கொதிக்கிற தண்ணீரையே ஊற்றுவேன், அதிகம் போனால் 96 வரை இறங்க விடுவேன். அரைப்பு இரண்டு குறி நைசாக. டார்க்குக்கு 88 டிகிரி, அரைப்பு கொஞ்சம் கொரகொரவென்று, நேரமும் ஒரு நிமிடம் குறைவு. இப்படிப் போட்டால் டார்க்கில் அந்தச் சாம்பல் பின்னால் போய், பாகு வாசனை முன்னால் வரும். 1950களில் எர்னஸ்ட் லாக்ஹார்ட் என்ற அமெரிக்க வேதியியலாளர், தூளின் எடையில் 18 முதல் 22 சதவீதம் வரை கரைந்து தண்ணீரில் இறங்குவது நல்ல கோப்பை என்று ஒரு வரம்பு போட்டார், இன்றும் அதையே பிடித்துக்கொண்டிருக்கிறோம். மூன்று வறுவலையும் அந்த வரம்புக்குள் கொண்டுவந்து நிறுத்திவிட்டு அப்புறம் ஒப்பிடுங்கள்.

வறுத்த தேதி இல்லாத அந்த டார்க் பாக்கெட்டை ஒப்பீட்டிலிருந்தே எடுத்துவிடுவேன். துளை விழுந்த கொட்டை, எண்ணெயும் வெளியே வந்துவிட்டது, காற்றுப் பட்டுச் சீக்கிரம் கெடும். பழசான எண்ணெயின் வாடையை வறுவலின் சுவை என்று நினைத்துக்கொள்வோம். லைட் அதற்கு நேர்மாறு, உள்ளே இருக்கும் கார்பன் டை ஆக்சைடு மெதுவாகத்தான் வெளியேறும். இரண்டு வாரம் வைத்துக் குடித்தால் வாசனை இன்னும் திறந்து வரும்.

---

பச்சைக்கொட்டை எழுதியது:

நல்ல மறுப்பு. நாம் இருவரும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறோம் என்று நினைக்கிறேன். தீ கொட்டைக்கு என்ன செய்தது என்று தெரிய வேண்டுமானால் மற்ற எல்லாவற்றையும் ஒன்றாக வைக்க வேண்டும். எந்த வறுவல் எனக்குப் பிடிக்கிறது என்று தெரிய வேண்டுமானால் நீங்கள் சொல்வதுபோல் ஒவ்வொன்றையும் அதன் போக்கில் போட வேண்டும். கப்பிங்கில் ஒரு வசதி உண்டு. தூள் கடைசி வரை தண்ணீரிலேயே கிடப்பதால் லைட்டுக்கும் போதிய நேரம் கிடைத்துவிடுகிறது. முதலில் கப்பிங், அப்புறம் ஓரத்துமேசை முறை. இரண்டையும் செய்யட்டும்.

---

கண்மூடி எழுதியது:

ஒரே ஒரு சேர்க்கை. எந்தக் கோப்பையில் எது என்று தெரிந்துகொண்டு குடித்தால் நாக்கு முன்கூட்டியே முடிவு கட்டிவிடும். வீட்டில் ஒருவரை உதவிக்குக் கூப்பிட்டு மூன்று கோப்பை வைக்கச் சொல்லுங்கள், இரண்டில் ஒரே காபி, ஒன்றில் வேறு. எது தனி என்று நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒரு தடவை சரியாக வந்துவிடும் என்பதால் ஆறு சுற்றாவது செய்யுங்கள். ஆறில் ஐந்தோ அதற்கு மேலோ சரி என்றால், அது வெறும் அதிர்ஷ்டமாக இருக்க நூற்றுக்கு இரண்டு வாய்ப்புகூட இல்லை. ஆறில் மூன்று என்றால் ஒன்றும் சொல்ல முடியாது. நிறம் காட்டிக்கொடுக்கும், ஆகவே உள்ளே கறுத்த கோப்பையாக இருக்கட்டும், விளக்கைக் குறைத்துவிடுங்கள்.

---

மூன்றுகோப்பை எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி, சொன்னதையெல்லாம் செய்து பார்த்தேன்.

ஒரே தோட்டத்துக் கொட்டை, ஒரே நாளில் மூன்று பதத்தில் வறுத்தது, கேட்டதும் கிடைத்தது. 12 நாள் வைத்திருந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை கப்பிங். 11 கிராம், 200 மில்லி, 93 டிகிரி.

லைட்டின் ஆடையை உடைத்தபோது மூக்கில் ஏறியது பூ வாசனை, ஆரஞ்சு இல்லை. கொஞ்சம் ஏமாற்றம்தான். பத்தாவது நிமிடத்தில் குடித்தேன், புளிப்பு இருந்தது, கன்னத்தை இழுக்கவில்லை. அப்புறம் மீடியம், டார்க் என்று சுற்றிக்கொண்டே இருந்தேன். ஏறக்குறைய இருபத்தைந்தாவது நிமிடம், கோப்பை வெதுவெதுப்புக்கு வந்திருந்தது. லைட்டை உறிஞ்சினேன். அந்த ஆரஞ்சுத் தோல்! நாக்கில் இல்லை, விழுங்கின பிறகு மூக்கின் பின்பக்கத்திலிருந்து வந்தது. உடனே இன்னொரு கரண்டி எடுத்தேன், மறுபடியும் இருந்தது. மனைவியைக் கூப்பிட்டுக் கொடுத்தேன், ஒன்றும் சொல்லாமல். ‘தோலா, பழமா? தோல்தான்’ என்றாள். இதுவரை சூடாகக் குடித்து முடித்துவிடுவதுதான் என் பழக்கம். வெதுவெதுப்பான காபி எனக்குக் கீழே ஊற்ற வேண்டிய காபி.

டார்க் ஆற ஆற எதிர்த் திசையில் போனது. சூட்டில் பாகு மாதிரி இருந்தது ஆறியதும் காற ஆரம்பித்தது. பதினைந்து வருடம் நான் அதைச் சூடாகவே குடித்து வந்ததற்குக் காரணம் இப்போது புரிகிறது. மறுநாள் ஓரத்துமேசை சொன்னபடி 88 டிகிரியில் போட்டேன், சாம்பல் வாசனை பாதியாகிவிட்டது. காலைக் காபி இனி அப்படித்தான்.

கண்ணை மூடிக்கொண்டு செய்த சோதனை: மீடியத்தையும் டார்க்கையும் ஆறுக்கு ஆறு பிரித்துவிட்டேன். லைட்டையும் மீடியத்தையும் ஆறில் மூன்றுதான். அதுவும் சரியாகச் சொன்ன மூன்றுமே கோப்பை ஆறின பிறகு செய்த சுற்றுகளில்.

ஒரு கேள்வி பாக்கி. மீடியத்தில் மூன்று கோப்பை போட்டேன். இரண்டு நன்றாக இருந்தன. ஒன்றில் மட்டும் ஆறினதும் காய்ந்த காகிதம் மாதிரி, தோல் நீக்காத வேர்க்கடலை மாதிரி ஒரு சுவை. ஒரே பாக்கெட், ஒரே அளவு. எப்படி?

---

பச்சைக்கொட்டை எழுதியது:

வாசிக்கவே மகிழ்ச்சியாக இருக்கிறது. அந்த ஒரு கோப்பையை நீங்கள் கவனித்தது பெரிய விஷயம்.

மிச்சமிருக்கும் மீடியம் கொட்டையை ஒரு வெள்ளைத் தட்டில் பரப்பி, வெயில் வெளிச்சத்தில் பாருங்கள். மற்றவை பழுப்பாக இருக்க, ஒன்றிரண்டு மட்டும் வெளிறி, மரத்தூள் நிறத்தில் இருக்கும். க்வேக்கர் என்பார்கள். பழுக்காத காயிலிருந்து வந்த கொட்டை, அதில் சர்க்கரை போதாததால் எவ்வளவு வறுத்தாலும் சிவக்காது. 11 கிராமில் ஒன்று விழுந்தாலே போதும், நீங்கள் சொன்ன காகிதமும் கடலையும் வந்துவிடும். கப்பிங்கில் ஒவ்வொரு கோப்பைக்கும் தனித்தனியாக அரைப்பதும், ஒரு காபிக்கு ஐந்து கோப்பை வைப்பதும் இப்படி ஒரு கோப்பையில் மட்டும் வரும் கோளாறைப் பிடிக்கத்தான். பொறுக்கி எடுத்து ஒன்றைக் கடித்துப் பாருங்கள், பக்கத்தில் நல்ல கொட்டை ஒன்றையும் கடித்துப் பாருங்கள்.

---

மூன்றுகோப்பை எழுதியது:

பொறுக்கினேன். 60 கிராமில் நான்கு. ஒன்றைக் கடித்தேன், அதே காகிதம்.